கரையான் தின்ற முகம்

"கோடு இல்லாம முகம் எங்க நிக்கும்? நான் கேக்கறது அது ஒண்ணுதான், எங்க நிக்கும்?"

"முகம் இன்னா சேலை பார்டரா, கட்டம் போட்டு எண்ணிக்கினே இருக்க..."

"எண்ணித்தான் ஆகணும்! மூக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் காது. கிரேக்கத்துக்காரன் அன்னைக்கே அளந்து..."

"அளந்து அளந்துதான் எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி வந்துச்சு! ஒரு காத்து வேணாமா, ஒரு இருட்டு வேணாமா, ஒரு..."

"இருட்டை வாங்கிக்கினு போறதுக்கா அந்தப் புள்ள வந்து நிக்குது?"

அந்தப் புள்ளை, தறி நெய்யும் கதிர்வேல், கையில் ஒரு காகித உறையோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, பேசுகிறவர் பக்கமெல்லாம் மாறி மாறித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கழுத்து வலித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சார், மேடம், ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஒரே ஒரு மூஞ்சி குடுத்தா போதும்."

சின்ன காஞ்சிபுரத்தில் மாடிப்படி ஏறிப் போகிற அந்த ஓவிய வகுப்பில் இந்தச் சண்டை புதிதல்ல. கலைவாணனும் சங்கீதாவும் சென்னையில் ஓவியம் படிக்கும்போது காதலித்தவர்கள். ஐரோப்பியக் கலை வரலாற்று வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு நியோகிளாசிக் பிடித்துப்போனது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து, அறிவும் அளவும் சுத்தமான கோடும்தான் கலை என்று வரைந்தவர்களின் கட்சி. அவளுக்கு ரொமாண்டிக். அளவாவது ஒன்றாவது என்று புயலையும் இடிந்த கோட்டையையும் பித்தையும் பேயையும் வண்ணத்தில் கொட்டியவர்களின் கட்சி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் அந்த வகுப்பு முடியவில்லை. வாசலில் போர்டு மட்டும் 'கலைவாணன் ஓவியக் கூடம்' என்று ஒரே கட்சியின் பெயரில் இருந்தது.

கதிர்வேல் உறையைப் பிரித்தான். உள்ளே ஒரு பழைய கல்யாண போட்டோ. சங்கீதா வாங்கிப் பார்த்தாள், உடனே மேஜை மேல் வைத்துவிட்டாள்.

மணப்பெண் இருந்தாள். மாலை இருந்தது. பட்டு வேட்டி, கை விரல்கள், விரலில் மோதிரம், எல்லாம் இருந்தன. மாப்பிள்ளைக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. வட்டமாக, வழித்து எடுத்த மாதிரி ஓர் ஓட்டை.

"கரையான் மேடம். சட்டத்துக்குப் பின்னாடியிருந்து வந்து, அப்பா மூஞ்சிய மட்டும் தின்னுட்டுப் போயிடுச்சு. அம்மா மேல ஒரு பல்லு படல."

"வேற போட்டோ?"

"கெடையாது. அம்மாக்குக் கல்யாணமாகி எட்டு மாசத்துல அப்பா மஞ்சக்காமாலைல போயிட்டாரு. நான் வயித்துல. எங்கப்பா பஞ்சாட்சரம்னு பேரு தெரியும், மூஞ்சி தெரியாது." கதிர்வேல் அந்த ஓட்டையை விரலால் தொட்டான். "எனக்குக் கல்யாணம் மேடம். அதுக்கு மின்னாடி அடுத்த வாரம் வெள்ளிக்கிழம பெரியவங்களுக்குப் படையல். முப்பது வருஷமா ஒரு சொம்புக்குப் பொட்டு வெச்சு அப்பான்னு கும்புட்டுக்கினு இருக்கேன். இந்த ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்து விழணும்."

இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் போட்டோ மேல் குனிந்தன.

"இன்னொண்ணு சார். செத்துப்போன வயசுல போட்டுடாதீங்க. அவுருக்கு அப்ப இருபத்தெட்டு. எனக்கு முப்பது. என்னைவிடச் சின்னப் பையன் கால்ல நான் எப்பிடி விழறது? இப்ப இருந்தா எப்பிடி இருப்பாரோ அப்பிடிப் போடுங்க. அம்மா பக்கத்துல நின்னா ஜோடியாத் தெரியணும்."

"நான் போடறேன்" என்றார் கலைவாணன்.

"நான் போடறேன்" என்றாள் சங்கீதா.

கணவர் முந்திக்கொண்டார். வரைவதற்கு முன் அவர் துப்பறிந்தார். கதிர்வேலை உட்காரவைத்து, நெற்றி, தாடை, காதுக்குக் காது எல்லாம் அளந்தார். கல்யாணத்துக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா பாண்டியனை, அதாவது செத்தவரின் தம்பியை, வரவழைத்து அவர் முகத்தையும் அளந்தார். போட்டோவில் மிஞ்சியிருந்த கழுத்தின் அகலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் எந்தச் சதை எவ்வளவு இறங்கும் என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் போட்டார். நாலாம் நாள் படம் தயார்.

வெள்ளை வேட்டியின் மடிப்புகள் கல்லில் செதுக்கியது போல விழ, ஒரு கை தறிக்கட்டை மேல், முதுகு நிமிர்ந்து, பார்வை தூரத்தில். ரோமாபுரி மன்றத்துக்கு நெசவாளர் சார்பில் போன பிரதிநிதி மாதிரி பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார்.

"அட, அண்ணனேதான்யா!" என்றார் பாண்டியன். "ஆனா எங்கண்ணன் ஜென்மத்துல இவ்ளோ நேரா உக்காந்தது கெடையாது. இன்னா சார், தலைவரு சிலையாட்டம் வெறச்சுக்கினு கீறாரு?"

கதிர்வேல் வெகுநேரம் பார்த்தான். "கும்புடலாம் சார். ஆனா 'அப்பா'ன்னு கூப்புட வாய் வரல."

அவன் அம்மா மணியம்மாள், ஒடிசலான உடம்பு, அதிராத நடை, படத்தின் முன் வந்து நின்றாள். பஸ் போர்டு படிக்கிற நேரம் பார்த்தாள்.

"யாரோ மாதிரி இருக்குது" என்றாள். "குடிக்கத் தண்ணி இருக்குதாம்மா?"

சங்கீதாவுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. "பாத்தீங்களா? அளவு சரியா இருக்கும். ஆளு இருக்க மாட்டாரு. அம்மா, நீங்க தெனம் மூணு மணிக்கு வாங்க. கண்ணை மூடிக்கினு, இப்ப இருந்தா எப்பிடி இருப்பாருன்னு அவரை நெனச்சுச் சொல்லுங்க. நான் போடறேன்."

மணியம்மாள் வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். அந்த நிமிஷத்திலிருந்து அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம்கூடக் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது சங்கீதாவுக்கு.

"நெத்தி அகலம்மா. நடுவுல ஒரு மடிப்பு. கோவம் இல்ல, வெய்யிலுக்குச் சுருக்கிச் சுருக்கி வந்தது."

தூரிகை தானாக ஓடியது.

"மூக்கு கொஞ்சம் எடது பக்கம் சாஞ்சிருக்கும். புருவம் நரைச்சிடுச்சு. மீசை நரைக்கல. மை போடுறாரு."

தூரிகை நின்றது. "போடுறாரா?"

"ம்."

சங்கீதா திரும்பிப் பார்த்தாள். மூடிய கண்களோடு மணியம்மாள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நினைத்துப் பார்க்கிறவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள், தடுமாறுவார்கள், திருத்துவார்கள். இவள் எதிரில் நிற்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மேல் பல்லு ஒண்ணு போயிடுச்சு. நாலு வருஷம் இருக்கும். அதுலேந்து சிரிச்சா கையால மூடிக்கிறாரு."

அன்று சாயங்காலம் சங்கீதா கணவரிடம் கேட்டாள். "ஏங்க, செத்துப்போனவங்களுக்குப் பல்லு விழுமா?"

"கற்பனைம்மா. இப்ப இருந்தா எப்படி இருப்பாருன்னுதானே கேட்டே? உன் கட்சிக்குக் கற்பனைதானே மூலதனம்?"

"மீசைக்கு மை போடறாராமே?"

"போட்டா போட்டுக்கினு போறாரு. அந்த மையாலயாச்சும் ஒரு கோடு சுத்தமா வருதான்னு பாரு."

மூன்றாம் நாள் சங்கீதா காதுக்கு வந்தாள். மணியம்மாள் இடது கையால் தன் காதைத் தொட்டுக்காட்டினாள்.

"எடது காதுல மட்டும் கடுக்கன் போடும்மா. வலது காதுது தொலஞ்சிடுச்சு. போன மாசி மகத்தன்னைக்கு."

"போன மாசியா?"

"ஆமா. கும்பல்ல எவனோ இடிச்சிட்டான். குனிஞ்சு குனிஞ்சு தேடினாரு, பாவம். கெடைக்கல."

சங்கீதா தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் எரித்த ஆள், போன மாசியில் குனிந்து கடுக்கன் தேடியிருக்கிறார்.

"ஏம்மா..." குரல் காற்றாக வந்தது. "அவரு வருவாராம்மா?"

"அவுரு எதுக்கு வரப்போறாரு? நான்தான் போயிப் பாத்துட்டு வருவேன். வருஷத்துக்கு ஒருக்கா."

"எங்கம்மா?"

"கும்பலா இருக்கும். யாரும் யாரையும் கண்டுக்க மாட்டாங்க. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடுவேன். பேச்சு கெடையாது."

எந்தக் கும்பல் என்று கேட்க சங்கீதாவுக்கு நாக்கு எழவில்லை. புயலும் பேயுமாக எத்தனையோ படங்களை மாணவர்களுக்குக் காட்டி, 'பயமும் ஓர் அழகு' என்று பாடம் நடத்தியவள்தான். படத்தில் இருக்கும்வரை அது அழகு. ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் வேறு.

படத்தின் முகமோ தினம் தினம் கிட்டே வந்தது. கண்ணுக்கு இன்னும் வெளிச்சம் வைக்கவேயில்லை, அதற்குள் அது அவளைப் பார்த்தது. வண்ணம் காயவில்லை. வகுப்புக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தத் தாத்தா, எங்கே உட்கார்ந்தாலும் தங்கள் நோட்டை எட்டிப் பார்க்கிறாராம். சங்கீதா படத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுக் கீழே போனாள். காலையில் வந்து பார்த்தால் துணி தரையில் கிடந்தது. படத்தில் இருந்தவர் அவளுக்காகக் காத்திருந்தவர் போல இருந்தார்.

அவள் போட்ட கத்தலில் கலைவாணன் கையில் ஸ்கேலோடு பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"நான்தான் எடுத்தேன். அளக்க வேணாமா? இங்க பாரு சங்கீதா, உன் படத்துல இருக்கிறவருக்கும் என் படத்துல இருக்கிறவருக்கும் சம்பந்தமே இல்ல. தாடை வேற, கண்ணுக்குழி வேற. எலும்பு எப்பிடி மாறும்?"

"எலும்பை நீங்க வரைங்க. நான் ஆளை வரையறேன்."

"ஆளே வேறன்னு சொல்றேன்!"

"இருநூறு வருஷமா உங்க கட்சி சொல்றது இதைத்தான். உள்ளுக்குள்ள இருக்கிறது ஸ்கேல்ல வராதுங்க."

பாண்டியனும் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்.

"இது எங்கண்ணனே இல்லம்மா. எங்க வம்சத்துலயே இந்த மூக்கு கெடையாது."

"நீங்க மூக்கைப் பாக்குறீங்க. அவங்க மனசால பாக்குறாங்க."

"மனசுக்கு இன்னாம்மா, அது எந்த மூக்க வேணா பாக்கும். எங்க காதாச்சும் வைம்மா! கதிர்வேலைப் பாரு, என்னைப் பாரு, மொறமாட்டம். அண்ணனுக்கும் அதே காதுதான்."

சமாதானத்துக்காக சங்கீதா காதை மட்டும் பெரிதாக்கினாள். அடுத்த நாள் மூன்று மணிக்கு வந்த மணியம்மாள் முதல்முறையாகக் கத்தினாள்.

"அய்யய்யோ, இதாரு காது? எடும்மா! மொதல்ல எடும்மா!"

சுரண்டி எடுத்தாள். சுரண்டின இடத்தில் ஒரு நிழல் தங்கிவிட்டது. அந்த நிழலால் தலை சட்டத்தைவிட்டுக் கொஞ்சம் முன்னால் வந்து, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பின மாதிரி ஆகிப்போனது. நிழலை மறைக்கப் பின்னால் கருத்த மேகம் போட்டாள். மேகம் வந்ததும் முகத்தில் மின்னல் பட்ட வெளிச்சம் ஏறிற்று. முகத்தை அடக்க மேல்துண்டைக் காற்றில் பறக்கவிட்டாள். துண்டு பறந்ததும் ஆள் மூச்சுவிட்டார். சத்தியமாக விட்டார் என்று பிற்பாடு பலரிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை அம்மாவும் பிள்ளையும் வந்து நின்றார்கள். மணியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு மளமளவென்று கண்ணீர் இறங்கியது.

"பேசுறாப்ல இருக்குது" என்றாள்.

அன்று வராத வாய் கதிர்வேலுக்கு வந்தேவிட்டது. "அப்பா."

கலைவாணன் தன் படத்தைத் தூக்கி, பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தார். "போர்டுல உன் பேரையும் சேத்துடலாம்" என்றார் மெதுவாக.

ஜெயித்த சந்தோஷம் சங்கீதாவுக்கு ராத்திரிச் சாப்பாடுவரைகூடத் தங்கவில்லை. படத்தை ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோன கதிர்வேல் போன் பண்ணினான்.

"மேடம், ஒரு சமாச்சாரம். பஸ் ஸ்டாண்டாண்ட ட்ராபிக்ல நின்னமா, ஒரு பெரியவரு ஆட்டோக்குள்ள எட்டிப் பாத்து, படத்துக்குக் கையெடுத்துக் கும்புட்டு, 'நல்லா கீறீங்களா'ன்னு கேட்டுட்டுப் போறாரு மேடம்!"

"யாரு?"

"தெரியல. கண்ணு மங்கல்போல. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்பா வந்துட்டாரு மேடம், வந்தேட்டாரு!"

போனை வைத்தவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க படத்தையே குடுத்துடலாமா?"

"இப்பவா?"

"நான் ஒரு முகத்தை வரஞ்சா மாதிரி தெரியலீங்க. யாரையோ கதவைத் தெறந்து உள்ள விட்டா மாதிரி இருக்குது."

"பேயெல்லாம் கெடையாது சங்கீதா. மனுஷ மூளைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பேசாம படு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படையல். கதிர்வேல் வீட்டுக் கூடத்துச் சுவரில் படம். நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்ப மாலை போட்டிருந்தார்கள். கீழே தலைவாழை இலையில் சோறு, வடை, பாயசம். பக்கத்தில் புது வேட்டி. இருபது பேர் கூடியிருந்தார்கள். மணியம்மாள் தூணோரம் நின்றாள். பாண்டியன் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு, "மூக்கு எங்க வம்சத்து மூக்கு இல்ல, சொல்லிட்டேன்" என்று யார் காதிலோ முணுமுணுத்தார்.

கதிர்வேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை. தோள் குலுங்கியது. முப்பது வருஷத்துக்குச் சேர்த்து அழுகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எழுந்தவன் முகம் கழுவினது போலத் தெளிந்திருந்தது. நேராக சங்கீதாவிடம் வந்தான்.

"உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல மேடம். எனக்கு அப்பா இருக்காரு இப்ப." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மாக்கும் ஒரு சந்தோஷம் வெச்சிருக்கேன். அவங்க பக்கத்துச் சொந்தம்னு யாரும் இல்ல. மாமன் சீர் தூக்க ஆளு வேணுமில்ல? மாகறல்ல அம்மா பொறந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்கன்னு விசாரிச்சுக் கூப்புட்டுட்டேன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வராங்க. அம்மாக்கு இன்னும் தெரியாது."

வாசலில் ஆட்டோ நின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். வெளி வெயிலிலிருந்து வந்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கூடத்து நடுவில் வந்து நின்றார்.

முதலில் பார்த்தது சங்கீதா. அவள் பார்வை சுவருக்குப் போனது, ஆளுக்கு வந்தது, மறுபடி சுவருக்குப் போனது. சட்டத்துக்குள் அவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்தாள். இருந்தார். இங்கேயும் இருந்தார்.

பாண்டியன் கையிலிருந்த கற்பூரத் தட்டு விழுந்து உருண்டு, சுழன்று சுழன்று அடங்கியது. யாரோ ஒரு அம்மாள் "முருகா" என்று சுவரில் சாய்ந்தாள். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. கதிர்வேல் கூப்பின கையோடு அப்படியே மண்டி போட்டான். பேயெல்லாம் கிடையாது என்ற கலைவாணன், மனைவியின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

"அளவு... அளவு அப்பிடியே இருக்குது சங்கீதா."

வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. தூணோரம் நின்றவளைப் பார்த்தார். பார்த்து, மெல்லச் சிரித்து, சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். மணியம்மாள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தினாள். அவள் ஒருத்தி முகத்தில்தான் பயமே இல்லை.

அவர் பின்னாலேயே, பழமும் பூவும் புடவையும் வைத்த சீர்த்தட்டைத் தலையில் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க ஒரு பருத்த அம்மாள் படியேறி வந்தாள். "லோகாம்பாள், மாகறல்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே தட்டை இறக்கி வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். படத்தைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், இலையையும் புது வேட்டியையும் பார்த்தாள். கடைசியாகத் தூணோரம் திரும்பினாள்.

"ஏம்மா மணி, குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கிற எங்க வூட்டுக்காரருக்கு நீ ஏம்மா மாலை போட்டுப் படைச்சிக்கினு கீறே?"